ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பொறுப்பாளிகள்: இங்கிலாந்தின் பழைய பங்கு ஆலயங்கள், ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்துக் கிராமங்களுக்குப் போய்வந்தவர்கள் போடும் சர்ச் படங்களுக்குக் கீழே இருக்கும் குறிப்புகளைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் ஆதங்கமாகத்தான் இருக்கும். "1150-ல் கட்டினார்கள், இன்றும் அப்படியே நிற்கிறது" என்று ஒன்று. "தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்த்த ஜன்னல்" என்று இன்னொன்று. "பேய் ஓடிப்போவதற்காக வைத்த வடக்கு வாசல்" என்று வேறொன்று. படம் எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது, அங்கே உள்ளூரில் கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்திலேயே பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்ட கதைகள். உண்மை இவற்றைவிட எவ்வளவோ சுவாரசியமானது, அதைப் பிடிக்கக் கட்டடக் கலை படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே நுழைந்ததும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இந்தப் பகுதிக்கு யார் காசு கொடுத்தார்கள்?

பங்கு என்றால் என்ன?

லண்டனில் எல்லோரும் பார்க்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி ஒரு துறவியர் மடத்தின் ஆலயமாக இருந்தது. கேன்டர்பரியில் இருப்பது கதீட்ரல், அதாவது ஆயரின் தலைமை ஆலயம். இங்கே நாம் பேசப்போவது இரண்டும் இல்லை. ஊருக்கு ஒன்றாக, வயலுக்கும் வீடுகளுக்கும் நடுவே, சுற்றிலும் கல்லறைகளோடு நிற்கிற ஆலயம். இங்கிலாந்துத் திருச்சபையிடம் இன்று சுமார் 16,000 ஆலயக் கட்டடங்கள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பங்கு என்பது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பு. அதற்கு எல்லை உண்டு. எல்லைக்குள் பிறந்தால் அந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம், செத்தால் அந்த ஆலயத்து மண்ணில்தான் அடக்கம், நிலத்தில் விளைந்தால் அந்த ஆலயத்துக்குத்தான் பத்தில் ஒன்று. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த அதே தசமபாகம்தான், ஆனால் அங்கே அது மனமுவந்து கொடுக்கும் காணிக்கையாக இருக்கவில்லை. 10-ஆம் நூற்றாண்டில் எட்கர் மன்னர் காலத்துச் சட்டமே, கொடுக்காதவருக்குத் தண்டனை உண்டு என்று சொல்லிவிட்டது. தானியம், வைக்கோல், ஆட்டுக்குட்டி, கம்பளி, முட்டை வரைக்கும் பத்தில் ஒன்று.

ஆரம்பத்தில் ஊர்ப் பிரபுக்கள் தங்கள் மாளிகைக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஆலயம் கட்டிக்கொண்டார்கள். இன்றும் பல ஊர்களில் பெரிய வீடும் ஆலயமும் ஒட்டி ஒட்டி நிற்பதற்கு இதுதான் காரணம். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பங்கு எல்லைகள் பெரும்பாலும் கெட்டிப்பட்டுவிட்டன, அப்புறம் பல நூற்றாண்டுகளுக்கு அவை பெரிதாக அசையவே இல்லை.

காசு யாருடையது?

நம் ஊரில் ஒரு பூர்வீக வீட்டை அண்ணன் தம்பி இருவர் பிரித்துக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு. தம்பி கையில் பணம் புரண்டால் பின்கட்டில் மாடி எழும்பும், முன்கட்டில் அதே பழைய ஓடு அப்படியே இருக்கும். வெளியாள் பார்த்தால் ஒரே வீடு, உள்ளே இருப்பவர்களுக்கு நடுவில் ஒரு கோடு உண்டு.

பங்கு ஆலயத்திலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. கிழக்குக் கோடியில் பலிபீடம் இருக்கும் பகுதிக்குப் பெயர் சான்சல். அதற்கு மேற்கே மக்கள் கூடும் பெரிய கூடத்துக்குப் பெயர் நேவ். இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவுதான் கோடு. சான்சலைப் பழுது பார்ப்பது ரெக்டரின் கடமை. நேவைப் பழுது பார்ப்பது ஊர்மக்களின் கடமை. 13-ஆம் நூற்றாண்டுக்குள் இந்த வழக்கம் இங்கிலாந்து முழுக்க ஊன்றிவிட்டது.

ரெக்டர் என்றால் தசமபாகத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர். அவர் ஊரிலேயே இருக்கும் குருவாக இருக்கலாம். ஆனால் நடந்தது என்னவென்றால், பல ஊர்களில் அந்த உரிமை ஏதாவது ஒரு மடத்துக்குப் போய்விட்டது. மடம் தானியத்தையும் வைக்கோலையும் வாங்கிக்கொள்ளும், பூசை செய்ய ஒரு மாற்றுக் குருவை அமர்த்தி, சில்லறைத் தசமபாகங்களை அவருக்கு விட்டுக்கொடுக்கும். அந்த மாற்றுக் குருதான் விகார். இன்றும் சில ஊர்களில் குருவுக்கு ரெக்டர் என்றும் சில ஊர்களில் விகார் என்றும் பெயர் இருப்பது அந்தப் பழைய பணக்கணக்கின் மிச்சம்.

சஃபோக்கில் லாவன்ஹாம் என்ற ஊருக்குப் போனால் இந்தக் கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே சான்சல் 14-ஆம் நூற்றாண்டு வேலை, தணிவானது, அடக்கமானது. அதை ஒட்டி நிற்கும் நேவும் மேற்குக் கோபுரமும் பிரம்மாண்டமானவை, கோபுரம் மட்டும் 141 அடி. 1400-களின் கடைசியில் கம்பளித் துணி வியாபாரத்தில் லாவன்ஹாம் கொழித்தது. ஸ்பிரிங் என்ற துணி வியாபாரிக் குடும்பமும் ஆக்ஸ்ஃபோர்டு கோமகனும் சேர்ந்து பணம் கொட்டினார்கள், 1523-ல் இறந்த தாமஸ் ஸ்பிரிங் கோபுரத்தை முடிக்க 200 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். கோமகன் குடும்பத்தின் நட்சத்திரச் சின்னத்தையும் ஸ்பிரிங் குடும்பத்தின் வியாபார முத்திரையையும் கோபுரக் கல்லிலேயே பார்க்கலாம். பணம் மக்கள் பக்கம் சேர்ந்தது, மக்கள் பக்கம் வளர்ந்தது, சான்சல் இருந்தபடியே இருந்தது.

சுருக்கமாக: பங்கு என்பது எல்லை உள்ள நிலப்பரப்பு, அதன் விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகம், அதை வாங்குபவர் ரெக்டர், அவர் பொறுப்பு சான்சல், ஊரார் பொறுப்பு நேவ்.

ஷேக்ஸ்பியர் ஏன் சான்சலில் இருக்கிறார்?

1536-க்கும் 1540-க்கும் நடுவில் எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் கலைத்தார். மடங்கள் வைத்திருந்த நிலம் விற்பனைக்கு வந்தது, கூடவே தசமபாக உரிமைகளும் வந்தன. குருவாக இல்லாத சாதாரண ஆட்களும் காசு கொடுத்து அவற்றை வாங்கி ரெக்டர் ஆனார்கள்.

1605-ல் தன் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு பங்கின் தசமபாகத்தில் ஒரு பகுதியை 440 பவுண்டு கொடுத்து வாங்கியவர் வில்லியம் ஷேக்ஸ்பியர். அவருக்கு அது ஒரு நல்ல முதலீடு. ரெக்டர் நிலையில் இருப்பவருக்குச் சான்சலில் அடக்கம் செய்யப்படும் உரிமை உண்டு என்பதால் 1616-ல் அவரை அந்த ஊர் ஹோலி டிரினிட்டி ஆலயத்தின் சான்சலுக்குள், பலிபீடத்துக்கு அருகில் புதைத்தார்கள். மகாகவி என்பதற்காகக் கொடுத்த மரியாதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அதே ஆலயத்தில் இன்னொன்றும் கவனிக்கலாம். நேவின் நடுவில் நின்று கிழக்கே பார்த்தால் சான்சல் நேர்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து போவது தெரியும். சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்திருந்ததைக் காட்டத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதை இங்கிலாந்து முழுக்க உலவுகிறது. அழகான கதைதான். ஆனால் இப்போது இருக்கும் சான்சல் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனியாக இடித்துக் கட்டப்பட்டது. பழைய சுவர்கள் நடுவில் மறைத்துக்கொண்டு நிற்க, நூல் பிடித்து அளக்க வழியில்லாமல் ஒரு பாதியை மட்டும் புதிதாகக் கட்டினால் கோணம் தவறத்தான் செய்யும். இரண்டு பொறுப்பாளிகள், இரண்டு காலம், இரண்டு கொத்தனார் குழுக்கள் என்பதுதான் இந்தச் சாய்வுகளில் பலவற்றுக்கும் விளக்கம்.

ஓர் ஆலயத்துக்கு எத்தனை வயது?

இப்போது "1150-ல் கட்டியது" என்ற வாக்கியத்துக்கு வரலாம். அப்படி ஒரே மூச்சில் கட்டி அப்படியே நிற்கும் பங்கு ஆலயங்கள் மிகக் குறைவு. டர்ஹம் மாவட்டத்து எஸ்கோம் அந்த அபூர்வங்களில் ஒன்று. 7-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தச் சிறிய ஆலயம் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. அதிலும் கற்கள் ஆலயத்தைவிட மூத்தவை, பக்கத்தில் பாழடைந்து கிடந்த ரோமானியக் கோட்டையிலிருந்து எடுத்துவந்தவை என்று கருதுகிறார்கள். ஆறாவது ரோமானியப் படைப்பிரிவின் பெயர் செதுக்கிய ஒரு கல் சுவரில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. படிக்கத் தெரியாத கொத்தனாரோ, படிக்க அக்கறைப்படாதவரோ, அவருக்குத் தேவைப்பட்டது நல்ல சதுரமான கல்.

மற்ற இடங்களில் காலத்தை ஜன்னலையும் வளைவையும் வைத்துத் தோராயமாகச் சொல்லலாம். அரைவட்டமான கனத்த வளைவு என்றால் நார்மன் காலம், 1066-லிருந்து ஏறத்தாழ 1190 வரை. கூர்முனையோடு ஒடுங்கிய ஒற்றை ஜன்னல் 13-ஆம் நூற்றாண்டு. ஜன்னலின் தலையில் கல் கொடிபோல நெளிந்து படர்ந்தால் 14-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. அகலமான ஜன்னலில் கல் கம்பிகள் நேராக மேலே ஓடினால் அதற்குப் பிந்தையது. இந்த வகைகளுக்கு இன்றும் புழங்கும் பெயர்களை 1817-ல் தாமஸ் ரிக்மன் வைத்தார். கட்டியவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது.

கடைசி இரண்டு வகைகளுக்கும் நடுவே ஒரு பேரழிவு இருக்கிறது. 1348-49-ல் வந்த கொள்ளைநோயில் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மடிந்தார்கள். பாதியில் நின்ற கட்டட வேலைகள் ஏராளம். ஹார்ட்ஃபோர்டுஷைரில் ஆஷ்வெல் ஆலயக் கோபுரத்தின் உள்சுவரில், 1350-ம் ஆண்டைக் குறித்து, யாரோ ஒருவர் லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்: பரிதாபம், கொடூரம், சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பவர்கள் மக்களில் கடையர்கள் மட்டுமே. அதற்குக் கீழே 1362 ஜனவரியில் (அன்றைய ஆண்டுக் கணக்கில் 1361) அடித்த ஒரு பெருங்காற்றைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. அரசனின் ஆணைப்படி செதுக்கிய கல்வெட்டு இல்லை இது, கூரான ஏதோ ஒன்றை வைத்துச் சுண்ணாம்புக் கல்லில் கீறியது. என்னைக் கேட்டால், இங்கிலாந்தில் அந்த நோயைப் பற்றி இதைவிட நெருக்கமாகப் பேசும் சாட்சி வேறு கிடையாது.

கூட்டம் பெருகியபோது ஆலயத்தைப் பெரிதாக்கிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நேவின் பக்கவாட்டில் ஒரு நீண்ட கூடம் சேர்ப்பார்கள், அதற்குப் பெயர் ஐல். முதலில் பழைய சுவருக்கு வெளியே புதுச் சுவரையும் கூரையையும் எழுப்பிவிடுவார்கள், உள்ளே வழக்கம்போலப் பூசை நடந்துகொண்டிருக்கும். அப்புறம் பழைய சுவரில் இடம்விட்டு இடம்விட்டு வெட்டி, தூணும் வளைவும் பொருத்தி, ஒவ்வொரு வளைவாகத் திறப்பார்கள். சுவரின் மேல்பகுதி மட்டும் தொடாமல் நிற்கும். அதனால்தான் சில ஆலயங்களில் தூண்களுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், எதற்கும் பயன்படாமல், வளைவு பாதியைத் தின்றுவிட்ட ஒரு குட்டி ஜன்னல் தெரிகிறது. அதுதான் பழைய வெளிச்சுவரின் ஜன்னல். 12-ஆம் நூற்றாண்டுத் தூண்களுக்கு மேலே 11-ஆம் நூற்றாண்டுச் சுவர் உட்கார்ந்திருக்கும்.

வெள்ளையடித்த வருடங்கள்

உள்ளே வெறும் கல்லும் அமைதியுமாக இருப்பதுதான் இடைக்காலத்து அழகு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அந்தக் காலத்தில் சுவர் முழுக்கச் சாந்து பூசி, சாந்தின் மேல் படம் எழுதியிருப்பார்கள். நேவுக்கும் சான்சலுக்கும் நடுவே செதுக்கிய மரத் தடுப்பு இருக்கும், அதன் மேல் சிலுவையில் இயேசு, இரு பக்கமும் மரியாளும் யோவானும். பின்னணியில் இறுதித் தீர்ப்பு ஓவியம். மக்களில் பெரும்பாலோர் நின்றுகொண்டே பூசை பார்த்தார்கள், வரிசை பெஞ்சுகள் பரவலாக வந்ததே 15-ஆம் நூற்றாண்டில்தான்.

1547-ல் ஆறாம் எட்வர்டு அரியணை ஏறியதும் சீர்திருத்தம், அதாவது கத்தோலிக்க வழிபாட்டு முறைகளைக் கைவிட்ட புராட்டஸ்டன்ட் மாற்றம், வேகம் பிடித்தது. உருவங்கள் அகற்றப்பட்டன, ஓவியங்களுக்கு மேல் சுண்ணாம்பு ஏறியது, கல் பலிபீடங்களுக்குப் பதிலாக மர மேசை வந்தது. மேரி அரசி வந்து ஐந்து வருடம் எல்லாவற்றையும் திருப்பினார், எலிசபெத் வந்து மறுபடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் செலவு ஊரார் தலையில் விழுந்தது, ஏனென்றால் நேவும் அந்தத் தடுப்பும் அவர்கள் பொறுப்பு. 1643-44-ல் உள்நாட்டுப் போரின் நடுவே வில்லியம் டௌசிங் என்ற அதிகாரி சஃபோக்கிலும் கேம்பிரிட்ஜ்ஷைரிலும் ஊர் ஊராகப் போய் மிச்சமிருந்த கண்ணாடி ஓவியங்களை உடைத்தார், எந்த ஊரில் எத்தனை என்று நாட்குறிப்பும் வைத்தார்.

ஆனால் சுண்ணாம்பு அழிக்கவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும். சஃபோக்கின் வென்ஹாஸ்டன் ஆலயத்தில் 1892-ல் மராமத்து வேலை நடந்தபோது, சான்சல் வளைவை அடைத்திருந்த வெள்ளையடித்த மரப்பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். ராத்திரி மழை பெய்தது. காலையில் சுண்ணாம்பு கரைந்த இடங்களில் முகங்கள் தெரிந்தன. வானவில்லின் மேல் அமர்ந்த கிறிஸ்து, ஆன்மாக்களைத் தராசில் நிறுக்கும் மிக்கேல், வாய் பிளந்த நரகம், உடம்பில் துணியில்லாமல் தலையில் கிரீடம் மட்டும் வைத்த அரசன், மகுடம் மட்டும் வைத்த ஆயர். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் அது. அதன் நடுவே வண்ணமே படாத வெற்று உருவங்கள் இருக்கின்றன, சிலுவை ஒன்று, பக்கத்தில் மனித வடிவங்கள். பலகைக்கு முன்னால் மரச் சிற்பங்கள் நின்ற இடங்கள் அவை. சிற்பங்கள் போய்விட்டன, அவை மறைத்திருந்த இடம் அப்படியே இருக்கிறது.

நாம் பார்க்கும் வெறும் கல் சுவருக்குக் காரணம் 19-ஆம் நூற்றாண்டு. விக்டோரியா காலத்தில் ஆயிரக்கணக்கான ஆலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சாந்தைச் சுரண்டினார்கள், உயரமான பெட்டி இருக்கைகளைப் பிடுங்கினார்கள், தங்களுக்குப் பிடித்த காலத்து ஜன்னல்களைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். இதைப் பொறுக்க முடியாமல்தான் வில்லியம் மாரிஸ் 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கு ஒரு சங்கம் தொடங்கினார். இடிந்துபோகாமல் காத்தவர்களும் அதே விக்டோரியா காலத்தவர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும், பல கூரைகள் அவர்கள் இல்லாவிட்டால் இன்று இருக்காது.

இதுவரை: கோட்டின் இரண்டு பக்கமும் வெவ்வேறு காலத்தில் வளர்ந்தன, 16-ஆம் நூற்றாண்டு வண்ணத்தை மூடியது, 19-ஆம் நூற்றாண்டு மூடியதையும் சுரண்டியது.

கட்டிவிட்ட கதைகளும் நிஜ வினோதங்களும்

சான்சலின் தெற்குச் சுவரில் தாழ்வாக இருக்கும் சிறிய ஜன்னல்தான் "தொழுநோயாளி ஜன்னல்". தொழுநோயாளிகளை ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் எனும்போது, அவர்களுக்காக ஜன்னல் வைத்தார்கள் என்பது பொருந்தவில்லை. குரு அப்பத்தை உயர்த்தும் நேரத்தில் அங்கிருந்து கைமணி அடித்தால் வயலில் இருப்பவர்களுக்குக் கேட்கும் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். வடக்கு வாசல் பவனிகளுக்கு உதவியது. சீர்திருத்தத்தில் பவனி நின்றது, குளிர்காற்று வரும் வாசல் தேவையற்றதாகிவிட்டது, அடைத்துவிட்டார்கள். கல்லறைச் சிலையில் வீரன் காலைக் குறுக்கே போட்டிருந்தால் சிலுவைப்போருக்குப் போனவன் என்பதும் தவறு. அந்தக் காலத்துச் சிற்பிகளின் பாணி அது.

யூ என்ற ஊசியிலை மரத்தை வில் செய்யத்தான் ஆலயத் தோட்டத்தில் வளர்த்தார்கள் என்பதும் அப்படியே. நல்ல வில்மரம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது, 1472-ல் நாடாளுமன்றம் இறக்குமதி வியாபாரிகள் சரக்கோடு வில்கட்டைகளும் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே போட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது பூசைக் கடிகாரம். தெற்குச் சுவரில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து விசிறிபோலக் கீறல்கள். துளையில் குச்சியைச் செருகினால் நிழல் எந்தக் கீறலில் விழுகிறதோ அது பூசை நேரம். இதைச் சில ஆலயங்களில் முகமண்டபத்துக்கு உள்ளே, வெயிலே படாத இடத்தில் பார்க்கலாம். கடிகாரம் கீறிய காலத்தில் அங்கே மண்டபம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா?

கடன் இன்னும் தீரவில்லை

தசமபாகம் 1836-ல் பணமாக மாறியது, 1936-ல் அதுவும் ஒழிந்தது. சான்சலைப் பழுது பார்க்கும் கடமை மட்டும் ஒழியவில்லை. அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கைமாறிக் கைமாறி வந்தது. ஷேக்ஸ்பியரின் பெற்றோர் திருமணம் நடந்ததாக மரபாகச் சொல்லப்படும் ஆஸ்டன் கேன்ட்லோ, ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே ஒரு தம்பதியருக்கு வழிவழியாக ஒரு பண்ணை வந்தது, அதற்குள் 18-ஆம் நூற்றாண்டில் தசமபாகத்துக்கு ஈடாக ஒதுக்கிய ஒரு வயலும் இருந்தது. அந்த வயல் வைத்திருப்பவர்தான் ரெக்டர், ஆகவே சான்சல் பழுதுக்கான ஏறத்தாழ 95,000 பவுண்டைக் கட்டுங்கள் என்று பங்குச் சபை கேட்டது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2003-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை பங்குச் சபைக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதற்கு அப்புறம்தான் அரசு விழித்துக்கொண்டது. 2013 அக்டோபர் 13-க்குள் இந்தக் கடமையை நிலப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளாவிட்டால், அதன் பிறகு விலை கொடுத்து வாங்கிப் பதிவு செய்பவரை அது கட்டுப்படுத்தாது என்று ஆனது. பல பங்குச் சபைகள் பதிவு செய்தன, பல சபைகள் அண்டை வீட்டாரோடு பகை வேண்டாம் என்று விட்டுவிட்டன. ஆனாலும் இன்று இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது வக்கீல் கொடுக்கும் செலவுப் பட்டியலில் "சான்சல் சோதனை" என்று ஒரு சிறு கட்டணத்தைப் பார்க்க வாய்ப்புண்டு. வாங்கப்போகும் நிலத்தின் தலையில் ஏதாவது ஓர் ஆலயத்தின் சான்சல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கான கட்டணம் அது.